கண்ணோரத்து அறுவைக்குப் பிறகு



கண்ணுக்குப் பக்கத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவர் வீடு திரும்பும்போது, வீட்டார் அவரைப் பார்த்துத் திடுக்கிடுவது வழக்கம். இமை பலாச்சுளை போல் வீங்கியிருக்கும். கன்னம் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப் போயிருக்கும். "ஐயோ, கண்ணே போயிடுச்சா!" என்று அத்தை வாசலிலேயே அழத் தொடங்குவார். அன்றிரவு அதே மனிதர், "கண்ணுக்குப் பின்னாலே யாரோ கட்டை விரலாலே நெட்டுற மாதிரி இருக்கு அத்தை, விளக்கும் மங்கலாத் தெரியுது" என்று முனகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது அத்தை அழுவதில்லை. "வெட்டின இடம் வலிக்காம என்ன செய்யும்? மாத்திரையைப் போட்டுக்கிட்டுப் படு தம்பி" என்கிறார்.

அழுதது ஆபத்தில்லாத ஒன்றுக்கு. ஆறுதல் சொன்னது ஆபத்தான ஒன்றுக்கு. இந்த இடமாற்றத்தைத்தான் இன்று நாம் சரி செய்துகொள்ள வேண்டும். கண்ணருகே நடக்கும் அறுவைக்குப் பிறகு, பார்ப்பவர்களுக்குப் பயங்கரமாகத் தோன்றுபவை பெரும்பாலும் தாமாகவே ஆறிவிடும். கவலைப்பட வேண்டியவை வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. நோயாளிக்கு மட்டுமே அவை தெரியும்.

இத்தகைய அறுவைகள் நம்மிடையே அரிதானவை அல்ல. மலேசியாவில் சாலை விபத்தில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே. உயிர் தப்பியவர்களுள் பலர் முகத்தில் அடிபட்டு, கன்ன எலும்பும் கண்ணைத் தாங்கும் எலும்பும் உடைந்து வருகிறார்கள். இமையில் வளர்ந்த கட்டியை அகற்றிக்கொள்பவர்கள், தொங்கிய இமையை உயர்த்திக்கொள்பவர்கள், கண்ணீர்க் குழாய் அடைப்பைத் திறந்துகொள்பவர்கள் என்று வேறு பலரும் உண்டு. அறுவை வேறாயினும், கண் அமைந்திருக்கும் இடம் ஒன்றே. ஆகவே முதலில் அந்த இடத்தைத் தெரிந்துகொள்வோம்.

நம் கண் ஓர் எலும்புக் கிண்ணத்துக்குள் இருக்கிறது. அதைக் கண்குழி என்கிறோம். பெரியவர் ஒருவரின் கண்குழி ஏறத்தாழ 30 மில்லி லிட்டர் கொள்ளும். அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவு. அதற்குள் விழி, அதை அசைக்கும் தசைகள், கொழுப்பு, இரத்தக் குழாய்கள், பார்வை நரம்பு அனைத்தும் நெருக்கமாக அடங்கியிருக்கின்றன. சுற்றுச்சுவர் எலும்பு, அது விரியாது. முன்புறத்தை இமைகளும் அவற்றுக்குப் பின்னுள்ள ஒரு சவ்வும் மூடியிருக்கின்றன. அவையும் ஓரளவுக்கு மேல் இடம் கொடுக்கமாட்டா. கை காலில் இரத்தம் கசிந்தால் வீங்க இடமுண்டு. இங்கே இடமில்லை. ஒரு தேக்கரண்டி இரத்தம் விழிக்குப் பின்னால் தேங்கினால், அந்த அழுத்தம் நேரே விழியின் மீதும் பார்வை நரம்பின் மீதும் விழுகிறது. அழுத்தம் மிகும்போது விழித்திரைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்படுகிறது. ஓட்டம் முற்றும் நின்றுவிட்டால் விழித்திரை ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும் என்ற கணக்கை மருத்துவர்கள் மனத்தில் வைத்துக்கொள்கிறார்கள்.

இது அடிக்கடி நேர்வதல்ல. இமை அறுவையில் ஏறத்தாழ 2000 பேரில் ஒருவருக்கு இப்படி விழிக்குப் பின்னால் இரத்தம் தேங்குகிறது என்பார்கள்; அவர்களிலும் பெரும்பாலோர் பார்வை இழப்பதில்லை. எலும்பு முறிவு அறுவையில் வாய்ப்புச் சற்றுக் கூடுதல். பயந்து அறுவையே வேண்டாம் என்று யாரும் ஓடிவிட வேண்டாம். ஆனால் நேர்ந்தால், பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள் நேர்கிறது. இப்போதெல்லாம் காலையில் அறுவை, மாலையில் வீடு என்று அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே, அந்த முதல் இரவில் காவல் இருக்க வேண்டியவர்கள் நாம்தான்.

காவல் என்றால் என்ன செய்வது? வீக்கத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதல்ல, பார்வையைச் சோதிப்பது. நோயாளியை நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொள்ளட்டும். அறுவை நடந்த பக்கத்து இமை வீங்கி மூடியிருந்தால், கை கழுவிய ஒருவர், தையலைத் தொடாமல், விழியை அழுத்தாமல், புருவத்துப் பக்கம் மெல்ல உயர்த்திப் பிடிக்கலாம். ஒரு முழத் தொலைவில் விரல்களைக் காட்டி எத்தனை என்று கேளுங்கள். பிறகு ஒரு குங்குமச் சிமிழை எடுத்து ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே காட்டுங்கள். சிவப்பு இரண்டு கண்ணுக்கும் ஒரே சிவப்பாகத் தெரிகிறதா, அல்லது ஒன்றில் மட்டும் சாயம் போனதுபோல் இருக்கிறதா? பார்வை நரம்பு நெருக்கப்படும்போது சிவப்பு வெளுத்துத் தெரிவது ஒரு நல்ல அறிகுறி. மருத்துவர்களும் இதையே கேட்கிறார்கள். முதல் மாலையும் இரவும், மணிக்கு ஒரு முறை இதைச் செய்யலாம். மருத்துவர் வேறு முறை சொல்லியிருந்தால் அதுவே சரி.

இரண்டு ஐயங்கள் எழும். கண்ணில் களிம்பு போட்டிருந்தால் பார்வை மங்கத்தானே செய்யும்? ஆம். ஆனால் களிம்பு மங்கல் இரண்டு மூன்று தடவை கண் சிமிட்டினால் சற்றே விலகும். ஒரே நிலையில் நில்லாது. சிமிட்டியும் விலகாத மங்கல், நேரமாக ஆகக் கூடும் மங்கல், வேறு இனம். அடுத்து, கண்ணை முழுதுமாகக் கட்டி அனுப்பியிருந்தால்? மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன் தாதியிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: "கட்டைப் பிரித்துப் பார்வையைச் சோதிக்கலாமா? கூடாதென்றால், வலி வந்தால் எங்கே வர வேண்டும்? இரவில் எந்த எண்ணுக்குத் தொலைபேசி செய்ய வேண்டும்?" கேட்க வெட்கப்படுகிறோம். டாக்டர் அவசரத்தில் இருக்கிறார், தொந்தரவு செய்யக்கூடாது என்று மரியாதையாக எழுந்து வந்துவிடுகிறோம். அந்த மரியாதை வேண்டாதது.

மாத்திரைக்கு அடங்காமல் கூடிக்கொண்டே போகும் அழுத்தமான வலி, குறையும் பார்வை, விழி முன்னால் பிதுங்குவது போன்ற தோற்றம், இமை பலகைபோல் இறுகுதல், விழியை அசைக்க முடியாமை, அதோடு வாந்தி — இவற்றுள் வலியும் மங்கலும் சேர்ந்து வந்தாலே போதும், விடியும்வரை காத்திருக்கக் கூடாது. படுக்க வைக்காதீர்கள், தலை உயர்ந்தே இருக்கட்டும். கண்ணை அழுத்தாதீர்கள். உண்ணவோ பருகவோ கொடுக்காதீர்கள், உடனே மறுபடி மயக்க மருந்து கொடுக்க நேரலாம். பக்கத்துத் தெருக் கிளினிக்கில் வரிசையில் உட்காராமல், அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கே செல்லுங்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் மருத்துவ உதவி வண்டிக்கு 995. போய்ச் சேர்ந்ததும் "கண் வலி" என்று மட்டும் சொன்னால் காத்திருக்கச் சொல்லக்கூடும். "இன்று கண்ணருகே அறுவை நடந்தது, இப்போது பார்வை குறைகிறது" என்று சொல்லுங்கள். அங்குள்ள மருத்துவர் இமையின் வெளிக்கோடியில் மரக்க ஊசி போட்டு, சிறிதாக வெட்டி, இமையைப் பிடித்திருக்கும் தசைநாரை விடுவிப்பார். கிண்ணத்தின் வாய் தளர்கிறது, அழுத்தம் இறங்குகிறது. சில நிமிட வேலைதான். ஆனால் நேரத்தில் நடக்க வேண்டும்.

தோட்டப்புறங்களிலும் உட்கிராமங்களிலும் இருப்போருக்கு இங்கே ஒரு வார்த்தை. வீட்டிலிருந்து பெரிய மருத்துவமனைக்கு இரண்டு மணி நேரப் பயணம் என்றால், அந்த ஒன்றரை மணிக் கணக்கு வழியிலேயே தீர்ந்துவிடும். ஆகவே முதல் இரவை நகரத்திலுள்ள சித்தி வீட்டிலோ மாமா வீட்டிலோ கழிப்பது நல்லது. அதற்கும் வழியில்லையென்றால், ஒரு நாள் வார்டிலேயே தங்க அனுமதிக்குமாறு முன்கூட்டியே கேட்கலாம்.

இனி, அத்தையை அழவைத்த அந்த வீக்கத்துக்கும் கன்றலுக்கும் வருவோம். உடலிலேயே மிக மெல்லிய தோல் இமைத்தோல். ஒரு மில்லி மீட்டர்கூட இராது. அடியில் திசுவும் தளர்வானது. அதனால் சிறிது நீர் கோத்தாலும் பெரிதாகத் தெரிகிறது. வீக்கம் அறுவை நாளைவிட இரண்டாம் மூன்றாம் நாளில் கூடுதலாக இருக்கும், பிறகு வடியும். கன்றல் முதலில் கருநீலம், பின்பு பச்சை, பின்பு மஞ்சள் என்று மாறி, இரண்டு வாரமளவில் மறையும். தேங்கிய இரத்தத்திலுள்ள நிறப்பொருள் உடைந்து மாறுவதால் வரும் நிறங்கள் இவை. புவியீர்ப்பால் இந்த இரத்தம் கீழே இறங்கி, கன்னத்திலும் கழுத்திலும் நீலம் தோன்றுவதுண்டு. அறுவை செய்யாத மறு கண்ணைச் சுற்றியும் தோன்றலாம். "விஷம் பரவுது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வெள்ளை விழி செக்கச் செவேலென்று இரத்தம் படர்ந்திருப்பதும் அப்படியே. பார்வை சரியாக இருந்து, வலியும் இல்லையென்றால், அது இரண்டு மூன்று வாரத்தில் கரையும்.

வீக்கத்தைக் குறைக்க இரண்டு எளிய வழிகள் உண்டு. ஒன்று, முதல் ஒரு வாரம் இரண்டு மூன்று தலையணை வைத்துத் தலையை உயர்த்தி, மல்லாந்து உறங்குவது. புரண்டு படுக்கும் பழக்கமுள்ளவர்கள் சாய்வு நாற்காலியில் உறங்கலாம். மற்றொன்று குளிர் ஒத்தடம். மருத்துவர் அனுமதித்திருந்தால் முதல் இரண்டு நாள், விழித்திருக்கும் வேளையில், ஒரு தடவைக்குப் பத்து முதல் பதினைந்து நிமிடம். பனிக்கட்டியைத் தோலில் நேராக வைக்கக் கூடாது. அறுவைக்குப் பின் அந்த இடம் மரத்திருப்பதால் தோல் கருகுவதுகூடத் தெரியாது. குளிரூட்டியில் உறைந்த பட்டாணிப் பையைச் சுத்தமான துணியில் சுற்றி, பாரம் விழாமல் வைத்தால் முகத்தின் வளைவுக்கு நன்றாகப் படியும். ஒட்டுத்தோல் வைத்து மூடிய அறுவையாயின் ஒத்தடம் ஆகாமலும் போகலாம். அதைக் கேட்டுக்கொண்டே செய்ய வேண்டும்.

எலும்பு முறிவுக்காக அறுவை செய்துகொண்டவர்கள் மறக்கக் கூடாதது, மூக்கைச் சிந்தாமை. கண்குழியின் தரை காகிதம் போன்ற மெல்லிய எலும்பு. அதற்குக் கீழே கன்னத்துக் காற்றறை இருக்கிறது. காற்றறைக்கும் மூக்குக்கும் வழியுண்டு. மூக்கைப் பலமாகச் சிந்தும்போது காற்று அந்த வழியாக ஏறி, உடைந்த இடுக்கின் வழியே கண்குழிக்குள் புகுந்துவிடும். இமை திடீரென்று உப்பும்; தொட்டால் மணல் நெரிவது போன்ற உணர்வு இருக்கும். மூக்கிலிருந்து கிருமிகளும் அதே பாதையில் ஏறலாம். ஆகவே குறைந்தது இரண்டு வாரம், மருத்துவர் சொன்னால் அதற்கு மேலும், மூக்கைச் சிந்தாமல் வடிவதைத் துடைத்துக்கொள்ள வேண்டும். தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். சபையில் இருக்கிறோமே என்று மூக்கைப் பிடித்து அடக்குவது மிகக் கெடுதல். விமானப் பயணத்துக்கும் மருத்துவர் அனுமதி வேண்டும்.

முக்குவதும் குனிவதும் பாரம் தூக்குவதும் தலைக்கு இரத்த அழுத்தத்தை ஏற்றும். அரிசி மூட்டை, எரிவாயுத் தோம்பு, பேரப்பிள்ளை — மூன்றையும் இரண்டு வாரம் மற்றவர்கள் தூக்கட்டும். சிலவகை வலி மாத்திரைகள் மலச்சிக்கலை உண்டாக்கும்; பப்பாளியும் கீரையும் தண்ணீரும் கூடுதலாக உதவும். பெரியவர் காலில் விழுவது, கோயிலில் நெடுஞ்சாண்கிடையாக வணங்குவது இவற்றை ஒத்திவைக்கலாம். "அறுவை நல்லபடியாக முடிந்தால் பத்துமலை ஏறுகிறேன்" என்று நேர்ந்துகொண்டு, கட்டு அவிழுமுன்னே 272 படிகளிலும் ஏறி இறங்க நினைப்பவர்கள் உண்டு. முருகன் ஒரு மாதம் பொறுக்காதவன் அல்லன்.

வீட்டு வைத்தியம் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முழுமை பெறாது. மஞ்சள் பற்று, விளக்கெண்ணெய், நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் — அன்போடு கொண்டுவரும் இவற்றில் ஒன்றும் புதுத் தையல் மீதோ கண்ணுக்குள்ளோ போகக் கூடாது. கிருமி நீக்கப்படாத எதுவும் அங்கே விருந்தாளி அல்ல. விபூதியும் குங்குமமும்கூட நெற்றியிலிருந்து உதிர்ந்து தையலில் படியும். சில நாள் மனத்தளவில் இட்டுக்கொள்ளலாம். கண்மையும் எண்ணெய்க் குளியலும் தையல் எடுத்த பின்பே. உணவில் மட்டும் நாம் தாராளமாக இருக்கலாம். முட்டை தின்றால் சீழ் பிடிக்கும், கோழி தின்றால் தழும்பு தடிக்கும் என்று பத்தியம் வைத்து நோயாளியை வாட்டுகிறோம். காயம் ஆறப் புரதம் தேவை. மலாய்க்கார நண்பர் ஹாருவான் என்னும் விரால் மீன் கொண்டுவந்து கொடுத்தால் நன்றி சொல்லிக் குழம்பு வையுங்கள். அது அற்புத மருந்து என்று நாம் சொல்லவில்லை. நல்ல புரத உணவு என்பதே போதும். கன்ன எலும்பு அறுவை செய்தவர்களுக்கு மட்டும் மெல்ல அவசியமில்லாத மென்மையான உணவு.

மருந்துகளில் கவனம் வேண்டும். ஆஸ்பிரின் இரத்தம் உறைவதைத் தடுக்கும்; தலைவலிக்கென்று கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது. ஆனால் இருதய நோய்க்காக ஆஸ்பிரினோ வேறு இரத்த மெலிவு மருந்தோ சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்துவதும் ஆபத்து. எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்பதை இரு மருத்துவர்களும் பேசி முடிவு செய்ய வேண்டும். ஜின்செங், பூண்டு மாத்திரை, மீனெண்ணெய் முதலியவற்றையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பரிசோதனைக்கு மருத்துவமனையில் போடும் மரக்கும் சொட்டு மருந்து வலியைச் சட்டென்று நிறுத்தும். அதை வீட்டில் பயன்படுத்தினால் கருவிழியைக் கெடுத்துவிடும்.

சிகரெட், புகையிலை இரண்டும் தோலுக்கு வரும் இரத்தத்தைக் குறைக்கும். ஒட்டுத்தோல் வைத்தவர்களுக்கு அது ஒட்டாமலே போகலாம். நீரிழிவு உள்ளவர்களுக்குக் காயம் மெதுவாக ஆறும், சீழும் எளிதில் வைக்கும். மலேசியாவில் 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் கூடுதல். எனவே இது நம் வீட்டுக் கதை. அறுவைக்குப் பின் வரும் நாள்களில் சர்க்கரை அளவை வழக்கத்தைவிட அடிக்கடி பார்க்க வேண்டும்.

முதல் நாள் ஆபத்து இரத்தம் என்றால், மூன்றாம் நாளுக்குப் பிறகு ஆபத்து சீழ். குறைந்துவந்த வலி திரும்பக் கூடுவது, சூடு, பரவும் சிவப்பு, சீழ், காய்ச்சல் — இவை வந்தால் அன்றே காட்ட வேண்டும். முகத்துக்கு இரத்த ஓட்டம் மிகுதியாதலால் பொதுவாகக் காயம் விரைவில் ஆறும். ஆயினும் கண்ணைச் சுற்றியுள்ள நாளங்கள் மண்டையோட்டின் உட்புற நாளங்களோடு தொடர்புடையவை. இங்கே சீழை அலட்சியப்படுத்துவது கால் விரலில் அலட்சியப்படுத்துவது போன்றதல்ல. கைத்தொலைபேசியில் நாளுக்கொரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், சிவப்பு கூடுகிறதா குறைகிறதா என்று வாதாட வேண்டியதில்லை.

இமை முழுதும் மூடாமல் உறங்குகிறவர்கள் சிலர். வீக்கத்தாலோ தோல் குறைந்ததாலோ இப்படி ஆகும். இரவெல்லாம் கருவிழி காய்ந்து, காலையில் உறுத்தலோடு எழுவார்கள். இதற்குச் செயற்கைக் கண்ணீரும் இரவுக் களிம்பும் கொடுப்பார்கள். உறங்கியபின் வீட்டார் ஒருவர் விளக்கடித்துப் பார்த்து, வெள்ளை தெரிகிறது என்று மருத்துவரிடம் சொன்னால் பெரும் உதவி.

எலும்பு அறுவைக்குப் பின் கன்னமும் மேலுதடும் சில மாதங்கள் மரத்திருக்கலாம். கண்குழித் தரையோடு ஓடும் நரம்பு நசுங்கியதால் வருவது இது. சூடான தே தாரேக்கை அந்தப் பக்கம் உறிஞ்சி உதட்டைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். சவரம் செய்யும்போதும் கவனம். ஒன்று இரண்டாகத் தெரிவதும் சில வாரங்கள் இருக்கலாம். அதுவரை மோட்டார் சைக்கிளும் காரும் ஏணியும் கூடாது. படி இறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொள்ளுங்கள். கீழே பார்க்கும்போதும் இரட்டையாகத் தெரியலாம்.

முகத் தையலைப் பொதுவாக ஐந்து முதல் ஏழு நாளில் எடுத்துவிடுவார்கள். அதற்கு மேல் தங்கினால் தையல் தடம் பதியும். பிறகு சில மாதம் தழும்பு சிவந்தும் தடித்தும் இருக்கும். வெயில் பட்டால் நம்மவர் தோலில் கருமை படிந்து நிலைத்துவிடும் என்பதால் தொப்பியோ குடையோ வேண்டும்.

வேலைக்குத் திரும்பிவிட்டோம், எல்லாம் சரியாகிவிட்டது என்று கடைசிச் சந்திப்புக்குப் பலர் போவதில்லை. அன்று மருத்துவர் பார்ப்பது தையலை அல்ல. விழி எல்லாப் பக்கமும் அசைகிறதா, இரு விழிகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா, ஒரு விழி உள்வாங்கியிருக்கிறதா என்று அளந்து பார்க்கிறார். கண்குழித் தரை உடைந்தவர்களுக்கு, வீக்கம் முழுதும் வடிந்த பிறகே விழி உள்வாங்கியிருப்பது தெரியவரும். ஒரு நாள் சம்பளம் போனாலும் அந்த அட்டையிலுள்ள தேதிக்குப் போய்வாருங்கள். புதுத் தலைக்கவசம் கன்ன எலும்பை அழுத்துமா, எப்போது அணியலாம் என்பதையும் அன்றே கேட்டுக்கொள்ளலாம்.